பன்னிரண்டு கிராம்

எடை ஆயிரத்தி ஐந்நூறு. அதுக்கு மேல
ஒரு கிராம் கூடினாலும் கூட்டுக்குள்ள விடமாட்டினம்.
விதி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் எங்கட பாடு.

பவதாரணி முதல்ல கீறினது சதுரம்.
அழிச்சாள். பிறகு ஆப்பு.
அதையும் அழிச்சு
"தலைகீழா விழுந்தாலும் ஓடவேணும்" எண்டாள்.
அண்டைக்குத்தான் சில்லுகள் உடம்பைவிட உயரமாச்சுது,
மேலெது கீழெது எண்ட கேள்வி இல்லாமல் போச்சுது.

பேர் முசுறு.
மாமரத்தில ஏறினவைக்குத் தெரியும்.

மோட்டருக்கு ஆரையும் கெஞ்சேல்லை.
மானிப்பாயில ஒரு கலியாணவீடு.
படமெடுத்த ட்ரோன்
மாப்பிள்ளையின்ர தலைப்பாகையை ஒருக்கா சுத்திவந்து
தென்னையில அடிச்சு விழுந்தது.
படக்காரன் அழாத குறை. எங்களுக்கு நாலு மோட்டர்.
கவசத்துக்கு, கஸ்தூரியார் வீதியில
மரக்கறி வெட்டுற நைலோன் பலகை ரெண்டு.
"வீட்டில எத்தினை பேர் சமைக்கிறியள்?" எண்டு கேட்டா கடைக்காரி.
உருளை, அஞ்சுசந்தி இரும்புக்கடை நஸ்மியிட்ட
நிறுத்து எடுத்த லான்ட்மாஸ்டர் அச்சு.
கொக்குவில் லேத்தில அது மூண்டு உளியை முறிச்சது.
நாலாவது உளிக்குக் காசு நான் குடுத்தன்:
ஓட்டோ உதிரிப்பாகக் கடையில
நாள் முழுக்க நிண்டு உழைக்கிற காசு
திரும்பவும் பாகத்துக்கே போகுது.

சுத்தவிட்டுப் பார்க்க ஒரு இடம் வேணும்.
ஒழுங்கை முடியிற இடத்தில, ஆரோ
கிணறு வெட்டவெண்டு இறக்கி, வெட்டாமல் விட்ட
சீமெந்து வளையம் கிடந்தது.
அதுக்குள்ள முசுறை இறக்கி
மேல இரும்பு வலையைப் போட்டு
மதிலுக்கு அங்கால குந்தியிருந்து
ரிமோட்டை மெல்லத் தள்ளினம்.

உருளை முதல்ல முனகிச்சுது.
பிறகு சீறிச்சுது.
பிறகு சத்தம் மேல மேல ஏறி
ஒரு உயரத்தில போய் அப்பிடியே நிண்டுது.
முன்வீட்டு ரதிமலர் அக்கா
உடுப்புக் காயப்போட்ட கை கொடியிலயே நிக்க
வானத்தைப் பார்த்தா.

நாங்கள் நிப்பாட்டினம்.
அவ ஒண்டும் கேட்கேல்லை.
கிளிப்பைக் குத்திப்போட்டு உள்ள போனா.
அடுத்தநாளிலயிருந்து, சுத்தவிட முதல்
அவவின்ர படலையில தட்டிச் சொல்லிப்போட்டுத்தான்.

கொழும்பு பஸ்ஸுக்கு ஒரு இரவு இருக்க
நிறுக்கப் போனம். மரக்கறித் தராசை நம்பேலாது.
வாகீசன்ர நகைப்பட்டறையில
தாலிக்கொடி இருக்கிற தட்டில முசுறு ஏறி இருந்தது,
கிறீஸ் மணக்க.

ஆயிரத்தி ஐந்நூற்றிப் பன்னிரண்டு.

திருகாணியளைக் கழட்டினால் குலைஞ்சுபோகும்.
பல்லைத் தேய்ச்சால் பிறகேன் சண்டைக்குப் போறது?
பற்றறி கையே வைக்கேலாது.
பவதாரணி பக்கத் தகட்டைக் கழட்டி
பென்சிலால புள்ளி வைச்சாள், கோலத்துக்கு வைக்கிறமாதிரி,
வாகீசன் தன்ர சின்னத் துளைக்கருவியைக் குடுத்தான்.
கல் பதிக்கிற மேசையில
அலுமினியம் சுருள் சுருளா விழுந்தது.
விழ விழ நிறுத்தம்.
விடிய ரெண்டு மணி:
ஆயிரத்தி நானூற்றித் தொண்ணூற்றொன்பது தசம் எட்டு.

கொழும்பில எங்கட சண்டை
நாப்பத்தொரு செக்கன்.
முதல் அடியில எதிராளியின்ர சில்லு கூரைக்குப் பறந்தது.
சனம் கத்திச்சுது, சிங்களத்தில என்னவோ,
நல்லதாத்தான் இருக்கும்.
ரெண்டாம் அடியில எங்கட பக்கத் தகடு
துளை போட்ட வரிசையாலயே
முத்திரை கிழியிறமாதிரிக் கிழிஞ்சது.
உருளை ஒரு மூலையில. முசுறு இன்னொரு மூலையில,
தலைகீழா.

ஓடிச்சுது.
கடிக்க ஒண்டுமில்லாமல், ஒரே வட்டத்தில,
நடுவர் மணி அடிச்ச பிறகும்.
நான்தான் ரிமோட்டை நிப்பாட்ட மறந்துபோனன்.

திரும்பிவந்து தகட்டைக் காட்டப் போக
வாகீசன் லாச்சியைத் திறந்து
றோசாக் கடதாசியில மடிச்ச பொட்டலம் ஒண்டை வைச்சான்,
தோட்டுக்கும் மூக்குத்திக்கும் மடிக்கிற அதே மடிப்பு.
"உங்கட பன்னிரண்டு கிராம்.
பட்டறையில விழுந்தது எதையும் நாங்கள் கூட்டி எறியிறேல்லை."

பவதாரணி அதைத் தராசில வைச்சாள்.
பதினொண்டு தசம் ஆறு.
"மிச்சம் எங்கை?"

அவன் குனிஞ்சு
காற்சட்டை மடிப்பை விரிச்சுத் தட்டினான்.